காற்றைக் குறைத்தவர்கள்

(ஆட்டோமொபைல் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிக்கப் வண்டியை ஆஃப்ரோடுக்குத் தயார் செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சாமான் பட்டியலோடு வருவார்கள். பெரிய டயர், தூக்கிக் கட்டிய சஸ்பென்ஷன், முன்னால் ஒரு புல் பார், அதில் ஒரு வின்ச், கூரையில் வரிசையாக விளக்கு. எது எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதோடு கூட்டம் கலைந்துவிடும். நான் சாமானை ஒதுக்கி வைத்துவிட்டு நிலத்திலிருந்து தொடங்குகிறேன். வண்டி எந்த நிலத்தில் ஓடப்போகிறது என்று தெரியாதவரை எந்த மாற்றத்தையும் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

அதற்காக ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஐஸ்லாந்து. மக்கள்தொகை நான்கு லட்சத்தை எட்டாத தீவு. பரப்பு ஒரு லட்சத்து மூவாயிரம் சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு பனிப்பாறை. வாட்னயோகுல் என்ற ஒரே பனிப்பாறை மட்டும் ஏழாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள் கடலோரத்தில் வாழ்கிறார்கள். நடுப்பகுதி எரிமலைக் குழம்பும் கருமணலும் பனியும் மட்டுமே உள்ள மேட்டுநிலம், ஊரே கிடையாது. தீவைச் சுற்றிவரும் நெடுஞ்சாலையே 1974-இல்தான் முழுமையடைந்தது. தெற்கே பனிப்பாறை உருகி ஓடும் ஆறுகளுக்கு அதுவரை பாலம் போட முடியவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்கு இரண்டாம் உலகப் போர் ஒரு சாமானைக் கொண்டுவந்தது. 1940-இல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது, மறு ஆண்டு அமெரிக்கப் படை. கூடவே ஜீப்பும் வந்தது. போர் முடிந்ததும் அந்த வில்லீஸ் ஜீப்புகளை விவசாயிகள் வாங்கிக்கொண்டார்கள். குதிரை செய்த வேலையை ஜீப் செய்தது. ராணுவ ஜீப்புக்குக் கதவு கிடையாது, கூரை துணி. ஐஸ்லாந்துக் குளிருக்கு அது ஆகுமா? மரத்திலும் தகரத்திலும் தாங்களே கூண்டு கட்டிக்கொண்டார்கள். அந்த நாட்டில் வண்டியை மாற்றும் வழக்கம் இந்தக் கூண்டு கட்டும் தேவையில் பிறந்தது. பொழுதுபோக்கு என்கிற பேச்சு வெகுகாலம் கழித்து வந்தது.

ஆனால் ஜீப்பால் ஒன்று முடியவில்லை. கோடையில் எங்கு வேண்டுமானாலும் போனது. பனிக்காலத்தில், ஆழமான புதுப்பனியில், நான்கு சக்கரமும் சுற்றச் சுற்ற வயிறு வரை புதைந்து உட்கார்ந்துகொண்டது. மேட்டுநிலத்துப் பனியில் பெல்ட் போட்ட ஸ்னோகேட் வண்டிகளும் ஸ்னோமொபைலும்தான் போக முடியும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே சிலர் அமெரிக்காவில் சேற்றில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட பெரிய டயர்களை வரவழைத்து மாட்டினார்கள். அதுகூட முழு விடை இல்லை. அந்த டயரிலிருந்து காற்றை இறக்கினார்கள். கொஞ்சநஞ்சம் அல்ல, 30 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 3 பிஎஸ்ஐ. வண்டி பனியின் மேலே ஏறி நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். இன்றைய பேச்சின் உயிர் இதுதான். கரும்பலகைக் கணக்குப் போடுவோம். சாமான் ஏற்றிய பிக்கப் 2,400 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ. டயருக்குள் 30 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம். அந்த 600 கிலோவைத் தாங்கத் தரையில் படவேண்டிய பரப்பு ஏறத்தாழ 285 சதுர சென்டிமீட்டர். நம் கையை விரித்து வைத்தால் எவ்வளவோ, அதைவிடக் கூடுதல். இப்போது 3 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். காகிதக் கணக்குப்படி பரப்பு பத்து மடங்கு, 2,850. நடைமுறையில் அவ்வளவு வராது. டயரின் பக்கச் சுவரே எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாயிரம் வரும் என்று வையுங்கள். அப்போது தரை மீது அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ. எழுபது கிலோ ஆள் ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றி அடி எடுத்து வைக்கும்போது தரையில் விழும் அழுத்தமும் அந்த அளவுதான். அதாவது இரண்டரை டன் வண்டி, நடந்துபோகிற மனிதனைவிடப் பனியை அதிகமாக அழுத்தவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து குதித்தால் முழங்கால் வரை புதைந்து நிற்பார். வண்டி மேலே நிற்கும். ஐஸ்லாந்துக்காரர்கள் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் பரவும் என்று நினைக்கிறோம். பக்கவாட்டில் பரவுவது கொஞ்சம்தான். அதிகமாக நீள்வது முன்னும் பின்னும். தரையில் படும் தடம் நீண்ட பட்டையாக ஆகிறது, டாங்கியின் பெல்ட் மாதிரியான தடம். இதனால் என்ன லாபம்? பனியில் போகும் வண்டிக்கு எதிர்ப்பு, தனக்கு முன்னால் இருக்கும் பனியை அமுக்கித் தள்ளுவதில் வருகிறது. தடம் எவ்வளவு அகலமோ அவ்வளவு பனியைத் தள்ள வேண்டும். நீளம் கூடினால் பரப்பு கூடும், தள்ளவேண்டிய பனி கூடாது. அதனால்தான் அகலத்தை மட்டும் கூட்டாமல் டயரின் விட்டத்தையும் கூட்டினார்கள். முதலில் 35 அங்குலம், பிறகு 38, பிறகு 44. விட்டம் பெரிதானால் படுக்கும்போது நீளும் தடமும் பெரிது, வண்டியின் வயிறும் பனிக்கு மேலே உயரும்.

பனிப்பாறை விளிம்பில் இந்தக் காற்று இறக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சாதாரண கேஜ் அங்கே உதவாது. அறுபது வரை காட்டும் கேஜில் இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் சிறிய அளவுக்கென்றே தனி கேஜ் வைத்திருப்பார்கள். அந்த உலகத்தில் ஒரு பிஎஸ்ஐ பெரிய விஷயம். ஐந்தில் புதைகிற வண்டி மூன்றில் போகும், மூன்றில் திணறுகிற வண்டி இரண்டில் போகும். வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டால் காற்று சீறிக்கொண்டு வரும், ஈரப்பதம் உறைந்து வால்வு வாயில் வெள்ளையாகப் படியும். அனுபவசாலிகள் கேஜைவிட டயரின் பக்கச் சுவரைத்தான் பார்ப்பார்கள். கீழே இரண்டு மூன்று மடிப்பு விழ வேண்டும். மடிப்பே விழவில்லையென்றால் டயர் கெட்டி. ரிம்மின் விளிம்பு ரப்பரைக் கடிக்கிற அளவு படுத்துவிட்டால் மிஞ்சிவிட்டது. வழியில் பனியின் தன்மை மாறிக்கொண்டே இருக்கும். காலையில் கெட்டி, மதியம் சொதசொத. ஒவ்வொரு முறையும் இறங்கி ஏற்றி இறக்க முடியாது என்பதால், பிற்பாடு ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றைக் கூட்டிக் குறைக்கும் குழாய் ஏற்பாட்டைச் சக்கர மையம் வரை கொண்டுவந்து பொருத்தினார்கள்.

இவ்வளவு குறைந்த காற்றில் ஒரு சிக்கல் உண்டு. டயரை ரிம்மோடு ஒட்டிவைத்திருப்பதே உள்ளே இருக்கும் காற்றழுத்தம்தான். அதைக் குறைத்தபின் பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இதற்கு ஒரு வழி, டயரின் விளிம்பை இரும்பு வளையத்தால் போல்ட் போட்டு இறுக்குவது. இன்னொன்று, பசை போட்டு ஒட்டுவது. இரண்டையும் மீறிக் கழன்றுவிட்டால்? கம்ப்ரசர் ஊதுகிற காற்று இடைவெளி வழியாகவே வெளியே போய்விடும், டயர் உட்காராது. அதற்கு ஐஸ்லாந்தில் ஒரு முரட்டு வைத்தியம் பேர் பெற்றது: எளிதில் பற்றும் வாயுவை டயருக்குள் அடித்து, தள்ளி நின்று நெருப்பு வைப்பது. டமால் என்று ஒரு வெடி. டயர் தானாக ரிம்மில் போய் உட்கார்ந்துவிடும். யூடியூபில் இதைப் பார்த்தவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். (சிரிப்பு) தயவுசெய்து ஹாஸ்டல் பின்னால் முயற்சி பண்ணாதீர்கள். அளவு கொஞ்சம் தவறினாலும் ரிம் கிழிந்து முகத்தில் அடிக்கும். பனிப்பாறை நடுவில், அடுத்த ஊர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது செய்கிற காரியம் அது.

சரி, பெரிய டயர் போட்டாயிற்று. இனிமேல்தான் வேலை. மாற்றம் என்பது கடன் வாங்குவது. வட்டி கட்ட வேறு இடத்தில் கைவைக்க வேண்டும். எந்தெந்த இடம் என்று டொயோட்டா ஹைலக்ஸை வைத்தே பார்க்கலாம். 1968-இல் ஜப்பானில் ஹினோ தொழிற்சாலையில் தயாராகி வெளிவந்த வண்டி அது. 1979-இல் நான்கு சக்கர ஓட்டம் வந்தது. ஏணி மாதிரியான தனி சேசிஸ், மேலே பாடி, பின்னால் ஒரே கட்டையான ஆக்சில், பட்டை ஸ்பிரிங். வெட்டவும் ஒட்டவும் இதைவிட வசதியான வண்டி இல்லை.

தொழிற்சாலையில் வந்த டயர் 30.6 அங்குல விட்டம் என்று வையுங்கள். அதை 38 ஆக்கினால் முதலில் இடம் போதாது. உலகத்தில் பெரும்பாலான ஊர்களில் இதற்கு விடை, வண்டியைத் தூக்கிக் கட்டுவது. நீளமான ஸ்பிரிங், அடியில் கட்டை, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே முட்டு. படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் உயரம் கூடக் கூட எடையின் மையமும் மேலே போகும். சாய்ந்த பனிச்சரிவில் குறுக்கே போகும்போது வண்டி கவிழ வாய்ப்பு அதிகம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டும் முன்சக்கரத்துச் சி.வி. ஜாயின்ட்டும் கூடுதல் கோணத்தில் சுற்றித் தேயும். ஐஸ்லாந்துக்காரர்கள் தேவையான அளவு மட்டும் தூக்கி, மீதிக்குக் கிரைண்டரை எடுத்தார்கள். மட்கார்டை வெட்டினார்கள், சக்கரக் குழியைப் பெரிதாக்கினார்கள், காலடித் தகட்டின் மூலையை வெட்டி மறுபடி வெல்டிங் செய்து மூடினார்கள், முன் ஆக்சிலைச் சற்று முன்னே தள்ளினார்கள். வெட்டிய வாயை மூட அகலமான ஃபைபர் விளிம்பு. அந்த ஊர் வண்டிகளை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம். டயர் பூதம் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். எனக்கு இந்த முறைதான் பொறியியல் என்று படுகிறது. கட்டை வைத்துத் தூக்குவது அரை நாள் வேலை. உடம்பை வெட்டி, பலம் குறையாமல் ஒட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

அடுத்தது கியர். 30.6 இருந்த இடத்தில் 38 வந்தால் ஒரு சுற்றுக்கு வண்டி 24 சதவிகிதம் கூடுதல் தூரம் போகும். என்ஜினுக்கு அந்த அளவு பாரம் கூடுகிறது. கியரை மாற்றாமல் ஓட்டினால் கிளட்ச் பொசுங்கும். ஆகவே ஆக்சில் ஹவுசிங்கைத் திறந்து கிரவுனையும் பினியனையும் மாற்ற வேண்டும். முன்பு 3.9-க்கு 1 என்றிருந்தால், 24 சதவிகிதம் கூட்டினால் 4.84 வேண்டும். கடையில் டொயோட்டாவுக்குக் கிடைப்பது 4.88. கிட்டத்தட்டப் பொருந்திவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும் என்பதை மறந்து பின்னால் மட்டும் மாற்றினால் நான்கு சக்கர ஓட்டத்தில் போட்ட உடனே இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று சண்டை போட்டு எதையாவது உடைக்கும். ஆழ்ந்த பனியில் நடை வேகத்துக்கும் கீழே, சக்கரம் வழுக்காமல், நிதானமாக உருள வேண்டும். அதற்குச் சிலர் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் இன்னொரு குறைவேகப் பெட்டியையே சேர்த்தார்கள். குதிரைத்திறனைக் கூட்டுவது இங்கே முதல் விடை அல்ல. பனியில் சக்கரம் வேகமாகச் சுற்றினால் குழிதான் விழும்.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். முள் 80 காட்டும்போது வண்டி 99-இல் போகும். பிரேக்குக்கும் அதே 24 சதவிகிதக் கடன். சக்கரத்தின் ஆரம் கூடியதால் அதே இடத்தில் நிறுத்த அவ்வளவு கூடுதல் முறுக்குவிசை வேண்டும். டயரும் ரிம்மும் சேர்ந்த எடையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை அது என்பதால் ஷாக் அப்சார்பர் திணறும். அகல ரிம்மால் பேரிங்குக்குப் பாரம், டை ராடுக்குப் பாரம், ஸ்டியரிங் பம்புக்குப் பாரம். இதையெல்லாம் விட்டுவிட்டு டயர் மட்டும் மாற்றிய வண்டி, கடன் வாங்கிவிட்டு வட்டி கட்டாத வண்டி. நெடுஞ்சாலையில் அவசரமாகப் பிரேக் போடும் நாளில் அசலோடு கேட்கும்.

தண்ணீருக்கு வருகிறேன். ஐஸ்லாந்து மேட்டுநிலத்துப் பாதைகளில் பல ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. இறங்கித்தான் கடக்க வேண்டும். தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் குரோசா என்று ஒரு ஆறு, வண்டிகளை அடித்துக்கொண்டு போவதற்குப் பேர் போனது. பனிப்பாறை அரைத்த மண் கலந்து சாம்பல் நிறத்தில் ஓடும், அடி தெரியாது. வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் சாயங்காலம் தண்ணீர் கூடும். விவரம் தெரிந்தவர்கள் காலையில் கடந்துவிடுவார்கள். தண்ணீர் சலசலத்து அகலமாக ஓடும் இடம் ஆழம் குறைவு, அமைதியாகக் குறுகி ஓடும் இடம் ஆழம். நம் ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு ஸ்நார்க்கல் வைப்பார்கள், என்ஜினுக்குப் போகும் காற்றைக் கூரை உயரத்தில் எடுப்பதற்கு. எல்லோர் கண்ணிலும் படும் சாமான் அது. கண்ணில் படாத, அதைவிட மலிவான சாமான் ஒன்று உண்டு: ஆக்சில் ஹவுசிங்கின் மூச்சுக்குழாய். ஓடி ஓடிச் சூடான ஹவுசிங் பனிக்கட்டித் தண்ணீரில் சட்டென்று இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். மூச்சுத்துளை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். அடுத்த வாரம் ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் வழியும், பேரிங் போச்சு. ஒரு ரப்பர் குழாயை வாங்கி அந்தத் துளையிலிருந்து பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் வேலை முடிந்தது. சில நூறு ரூபாய் செலவு. ஸ்நார்க்கல் வைத்துவிட்டு இதை விட்டவர்கள் நிறையப் பேர்.

நிலம் மாறினால் வைத்தியம் எப்படி மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைத் தொட்டுவிட்டுப் போகிறேன். அதே ஹைலக்ஸ், ஆனால் அங்கே சிக்கல் பனி அல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் இல்லாத தூரம், அலை அலையாகத் தடதடக்கும் மண்பாதை, இருட்டில் குறுக்கே பாயும் கங்காரு. அதனால் புல் பார் அங்கே அலங்காரம் அல்ல, ரேடியேட்டரைக் காப்பாற்றும் கருவி. 1975-இல் மெல்பர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் வளர்ந்தது அந்தத் தேவையில்தான். கூடுதல் டீசல் டாங்க், தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஸ்டெப்னி, கூரைக் கூடாரம், பின்னால் கேரவன். அங்கே அடிக்கடி நேரும் சேதம் ஒன்று: சேசிஸ் வளைவது. கேபினுக்குப் பின்னால், சாமான் ஏற்றும் தொட்டி தொடங்கும் இடத்தில் மடிந்து நிற்கும் இரட்டைக் கேபின் பிக்கப்புகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பின் ஆக்சிலுக்கும் பின்னால் எடையைத் தொங்கவிட்டு, தாழாமல் இருக்க ஸ்பிரிங் நடுவில் காற்றுப் பையை வைத்து, அலைபாதையில் வேகமாக ஓட்டினால் சேசிஸ் நெம்புகோல் கணக்கில் வளைந்துதான் தீரும். ஒவ்வொரு சாமானும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஐஸ்லாந்துக்குத் திரும்புவோம். வண்டி மாற்றும் இந்தக் கைத்தொழிலிலிருந்து 1990-இல் டொயோட்டா விற்பனையாளரின் ஒரு பகுதியாகத் தொடங்கி, பின்னால் தனி நிறுவனமாக வளர்ந்தது ஆர்க்டிக் டிரக்ஸ். அவர்கள் வண்டிகளுக்கு ஏடி35, ஏடி38, ஏடி44 என்று பெயர். எண் டயர் அளவு. 2007-இல் பி.பி.சி.யின் டாப் கியர் குழு அவர்களது ஹைலக்ஸில் கனடாவின் வடபகுதியிலிருந்து உறைந்த கடல் மீது ஓட்டி, 1996-இல் காந்த வட துருவம் இருந்த இடத்தை அடைந்தது. அந்த நிகழ்ச்சிதான் இந்த வண்டிகளை உலகறியச் செய்தது. வேடிக்கை என்னவென்றால், தொகுப்பாளர்களின் வண்டிகளைப் பற்றியே ஊர் பேசியது. கேமராக்காரர்களும் மெக்கானிக்குகளும் வந்த வண்டிகளும் அதே பனியில்தான் வந்தன.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2010. அந்த ஆண்டு நவம்பரில் இந்தியாவின் முதல் தென் துருவ அறிவியல் பயணக் குழு, கோவாவில் உள்ள நம் அண்டார்டிக் ஆய்வு மையத்தின் அப்போதைய இயக்குநர் ரசிக் ரவீந்திரா தலைமையில், அண்டார்டிகாவில் உள்ள நம் மைத்ரி நிலையத்திலிருந்து புறப்பட்டு 22-ஆம் தேதி தென் துருவத்தைத் தொட்டது. போனது ஆர்க்டிக் டிரக்ஸ் வண்டிகளில். மைத்ரியிலிருந்து துருவம் நேர்க்கோட்டில் பார்த்தாலே இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர். வழி மூவாயிரம் மீட்டர் உயரப் பீடபூமியில் ஏறி இறங்குகிறது. காற்று மெலிந்து என்ஜின் மூச்சு வாங்கும். காற்று செதுக்கிய பனி வரப்புகள் சிமெண்ட் மாதிரி இறுகி அலையலையாகக் கிடக்கும். அங்கே படுத்த டயர் இரண்டு வேலை செய்கிறது: மெத்தைப் பனியில் மிதக்க வைக்கிறது, வரப்பில் ஷாக் அப்சார்பராக இருக்கிறது. சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகாகிக் குழாயை அடைத்துவிடும் என்பதால் அண்டார்டிகாவில் விமான எரிபொருளை ஊற்றி ஓட்டுவது வழக்கம். பெல்ட் வண்டிகளைவிட இந்த பிக்கப்புகள் வேகமாகவும் மிகக் குறைந்த எரிபொருளிலும் ஓடுகின்றன. ஒவ்வொரு பீப்பாயையும் வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டிய கண்டத்தில் அதுதான் பெரிய கணக்கு.

உள்ளூரிலும் இவை வேலை வண்டிகளே. ஐஸ்லாந்துக்கு ராணுவம் கிடையாது. பனியில் சிக்கியவர்களைத் தேடப் போவது லாண்ட்ஸ்பியோர்க் அமைப்பைச் சேர்ந்த தன்னார்வக் குழுக்கள். பகலில் தச்சராகவும் வாத்தியாராகவும் இருக்கிறவர்கள் அழைப்பு வந்தால் பெரிய டயர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு புத்தாண்டு இரவுக்குப் பட்டாசு விற்றுச் சேர்ப்பது. ஊரே அவர்களிடம்தான் வாங்கும். சிவகாசியைத் தெரிந்த நமக்கு இது பிடிக்கும் என்று சொன்னேன்.

கடைசியாகச் சட்டம். மாணவர்கள் இதைக் கேட்க விரும்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். மாற்றிய வண்டியை ஐஸ்லாந்து தடை செய்யவில்லை, கணக்கில் சேர்த்தது. 1983-இல் தொடங்கிய அவர்களின் நான்கு சக்கர வண்டிச் சங்கம் அரசோடு உட்கார்ந்து பேசியது. டயரைப் பெரிதாக்கிய வண்டி தனியாகச் சோதனைக்குப் போக வேண்டும். எடை போடுவார்கள், ஸ்டியரிங்கைப் பார்ப்பார்கள், ஸ்பீடோமீட்டரைத் திருத்தியாயிற்றா என்று பார்ப்பார்கள். தேறினால் மாற்றிய வண்டி என்று பதிவில் ஏறும். நான் சொன்ன கடன் பட்டியலை அரசாங்கமே உட்கார்ந்து சரிபார்க்கிறது, அவ்வளவுதான். அதே நாட்டில் பாதையை விட்டு இறங்கி ஓட்டுவது குற்றம். ஆச்சரியமாக இல்லையா? பனி மூடி உறைந்த நிலத்திலும் பனிப்பாறை மீதும் ஓட்டலாம்; வெறும் மண்ணில், பாசியில் சக்கரம் பட்டால் அபராதம். அந்தப் பாசி மேல் விழுந்த சக்கரத் தடம் ஆறப் பல பத்தாண்டு ஆகும். பனி மேல் விழுந்த தடம் அடுத்த புயலில் மறைந்துவிடும். ஆஃப்ரோடு வண்டி செய்வதில் உலகத்துக்கே பெயர் வாங்கிய நாடு வகுத்த எல்லை இது. நம் காட்டுப் பாதைகளில் வண்டி ஏற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். புல் பாருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நம் ஊரில் அது மோதுவது கங்காருவை அல்ல, சாலையில் நடந்துபோகிறவரை. அதில் எனக்கு மறுப்பு இல்லை. மற்றபடி, முழுத் தடை சோதிக்கும் பொறுப்பிலிருந்து அரசைத் தப்பிக்கவைக்கிறது என்பதே என் கருத்து. தடை இருந்தும் ஒர்க்‌ஷாப்புகளில் வேலை நடக்கிறது. நடக்கிற வேலையை எடை போட்டுப் பார்க்க மட்டும் யாரும் இல்லை. உங்களில் சிலர் நாளை ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்களுக்குப் போவீர்கள். ஐஸ்லாந்தின் அந்தச் சோதனைப் படிவத்தை அங்கே எடுத்துப் பேசுங்கள்.

அதுவரை சட்டத்துக்குள் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். காற்றை இறக்கலாம், அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டாம். தொழிற்சாலை டயரோடு இருக்கும் பிக்கப்பைத் தேரிக்காட்டு மணலில் 32 பிஎஸ்ஐயில் ஓட்டிப் புதைத்துவிட்டு டிராக்டர் தேடுகிறவர்கள் 18-க்கு இறக்கிப் பாருங்கள். 15-க்குக் கீழே சாதாரண ரிம்மில் போக வேண்டாம், கழன்றுவிடும். ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காமல், இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டுங்கள். கடற்கரை மணலை நான் சொல்லவில்லை. அங்கே ஆமைகள் முட்டையிடுகின்றன. கையில் ஒரு நல்ல கேஜும், பாட்டரியில் ஓடுகிற கம்ப்ரசரும் இருக்க வேண்டும். மணலை விட்டுத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். காற்றில்லாத டயர் வேகத்தில் சூடேறிப் பக்கச் சுவர் கிழியும். கம்ப்ரசர் இல்லாதவர்கள் காற்றை இறக்கவே வேண்டாம்.

வின்ச் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று முன் வரிசையில் ஒருவர் சைகை காட்டுகிறார். அதைக் கேள்வி நேரத்தில் வைத்துக்கொள்வோம்.